காசு விழாத கல்லா

"இரும்மா, இரும்மா, அவசரப்படாத!"

அல்போன்ஸ் பால் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, கண்ணாடிப் பெட்டிமேல் ஒட்டியிருந்த ஸ்கேன் அட்டையை உள்ளங்கையால் மூடினார். போனை நீட்டியபடி நின்ற யுவராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலேஜ் பஸ் வருகிற நேரம்.

"என்னாச்சுண்ணா?"

"காசா ஒண்ணும் இல்லையா?"

"இல்லண்ணா. போன்லதான் இருக்கு."

"பையில தேடிப் பாரும்மா. அடியில எங்கியாச்சும் கெடக்கும்."

"பையில புக்குதாண்ணா கெடக்கு."

"அத வேற தூக்கிட்டுப் போறீங்களா?"

யுவராணி சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்த பிறகு அவரால் கையை எடுக்காமல் இருக்க முடியவில்லை. அட்டைக்கு நேராகப் போனைக் காட்டினாள், தட்டினாள், 'ராஜமேரி' என்ற பெயருக்குப் பன்னிரண்டு ரூபாய் போய்ச் சேர்ந்ததை அவர் மூக்குக்கு முன்னால் காட்டினாள், பஸ்ஸைப் பார்த்து ஓடிப்போனாள். எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

அல்போன்ஸ் கல்லாவைத் திறந்து பார்த்தார். ஒரு கிழிந்த பத்து ரூபாய் நோட்டு, ஒரு ஊக்கு, என்றைக்கோ விழுந்த ஏலக்காய். விடியற்காலையிலிருந்து நின்று நின்று கால் கெஞ்சுகிறது, கை டீ ஆற்றி ஆற்றி ஓய்ந்துபோயிருக்கிறது. கல்லாவில் இருப்பதோ இவ்வளவுதான்.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே அவர் டீக்கடை வைத்து வருஷக்கணக்கு ஆகிறது. காலையில் காலேஜ் பிள்ளைகள், அதற்கப்புறம் தக்காளி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிற பையன்கள் என்று எப்போதும் இளசுகள் கூட்டம்தான். போனில் பணம் கொடுப்பது அவர்களுக்குப் புதிதில்லை. ஆனாலும் நாலு பேர் போனை நீட்டினால் இரண்டு பேராவது காசை வைப்பார்கள். கொஞ்ச நாளாக அந்த இரண்டு பேரும் காணாமல் போய்விட்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

போனில் வந்தாலும் அவர் பணம்தானே, இதற்கு ஏன் இந்த மனுஷன் இப்படித் தவிக்கிறார் என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். அந்த அட்டை அவர் பெயரில் இல்லை, பெண்டாட்டி பெயரில் இருந்தது.

அல்போன்ஸுக்கும் பேங்கில் கணக்கு உண்டு. அதில் பத்து ரூபாய் விழுந்தாலும் பேங்க்காரர்கள் பழைய கடனுக்கென்று பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பழைய கடன், தக்காளிக் கடன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு தோட்டத்தில், செடியில் நின்ற காயை அப்படியே மொத்தமாக விலைபேசி வாங்கினார். பேசுகிறபோது ஏறிக்கொண்டிருந்த விலை, பறிக்கிறபோது தரையைத் தொட்டது. பறிகூலிகூடத் தேறாமல் டிராக்டரோடு கொண்டுபோய் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார். மாடுகளே மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டன. அந்தக் கூத்தில் ராஜமேரியின் தாலிச் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. போனது போனதுதான், அவள் கழுத்தில் இன்றைக்கும் மஞ்சள் கயிறு.

அன்றைக்கு மாதா படத்துக்கு முன்னால் அவரை நிறுத்திவைத்து, இனிமேல் தக்காளிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று ராஜமேரி சத்தியம் வாங்கினாள். அதற்கப்புறம் கடைக்கு ஸ்கேன் அட்டை எடுக்கும்போது, பேங்க்காரர்களுக்குத் தண்ணி காட்டுகிறேன் பார் என்று மார்தட்டிக்கொண்டு அதைப் பெண்டாட்டி கணக்கில் எடுத்த புத்திசாலி வேறு யாருமில்லை, அல்போன்ஸேதான்.

சத்தியம் செய்தவருக்குத் தக்காளி ஆசை விட்டதா என்றால், எங்கே விட்டது! மாது விட்டால்தானே.

மாது தக்காளித் தரகர். கடைக்கு வந்து டீயை உறிஞ்சிக்கொண்டே பேசினால் கேட்கிறவன் காதில் லாரி லாரியாகக் காய் இறங்கும்.

"அல்போன்சு, இந்த வருசம் ஆந்திரா பக்கமெல்லாம் மழ. அங்கேர்ந்து காயி வராது. வெல எங்க போயி நிக்கப்போவுதுன்னு நீயே பாப்ப. அர்ச்சுனண்ணன் தோட்டம், ஒன்றர ஏக்கரா, செடி தாங்காத காயி. ரொக்கமா முப்பதாயிரம் அட்வான்ஸ் குடு, உனக்கே பேசி முடிச்சுத் தர்றேன்."

"போன்ல அனுப்பிச்சா ஆவாதா?"

"சாமி, அத மட்டும் சொல்லாத. அவருக்கும் பேங்குல கடன் நிக்குது. கணக்குல விழுந்தா புடிச்சுக்குவாங்க. நோட்டா வேணும். வர்ற ஒண்ணாந்தேதிக்குள்ள."

அல்போன்ஸ் தலையை ஆட்டிவிட்டார். பேராசை என்று சொல்லிவிடாதீர்கள். ராஜமேரி கழுத்தில் அந்த மஞ்சள் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். ஒரே ஒரு தடவை தக்காளி கை கொடுத்துவிட்டால் போதும், சங்கிலியை மீட்டுக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துவிடலாம். அப்புறம் சத்தியத்தை மீறினதற்குத் திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம். தினமும் கல்லாவில் விழுகிற காசில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது என்று முடிவு செய்தார்.

அவர் முடிவு செய்ததுதான் தாமதம், கல்லாவில் காசு விழுவது நின்றுபோனது.

*

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். கடைக்குப் பின்தெருவில்தான் வீடு. ராஜமேரி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே போன். அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் ஜாக்கெட் என்றால் அவள்தான். மாதுவின் மனைவி பாஞ்சாலிகூட அவளிடம்தான் கொடுப்பாள், வந்தால் வீட்டுக் கதை மார்க்கெட் கதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

"என்னாங்க, மூஞ்சி வாடிக் கெடக்குது?" என்று கேட்டபடி ராஜமேரி தட்டில் களியை வைத்து, கீரைக் குழம்பை ஊற்றினாள்.

"என்னத்தச் சொல்றது மேரி. இந்தக் காலத்துப் புள்ளைங்க கையில காசே புழங்க மாட்டேங்குது. எதுக்கெடுத்தாலும் போனு."

"போன்ல வந்தா என்னாங்க? நம்ம பணந்தான?"

"அதுக்கில்ல. கல்லாவுல காசுச் சத்தம் கேட்டாத்தான் கடைக்கு ஐஸ்வரியம்."

"அதுவும் வாஸ்தவந்தான்" என்றாள் ராஜமேரி, குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே. "ஏன் காசா குடுக்க மாட்டேங்குறீங்கன்னு அதுங்களையே கேட்டுப் பாருங்களேன்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கை கழுவிக்கொண்டு எழுந்தார்.

"ஏங்க, தக்காளி இப்ப என்ன வெல போவுதாம்?"

அவர் இடது காலில் வலது செருப்பை மாட்டிக்கொண்டார். "எனக்கென்ன தெரியும்? நான் எதுக்கு அதெல்லாம் கேக்கப் போறேன்?"

"சட்னி அரைக்கலாமான்னு கேட்டேங்க."

மறுநாள் காலையில் கேட்டுப் பார்த்தார். லோடு ஏற்றுகிற அருண்குமார்தான் முதலில் மாட்டினான்.

"சில்லறதாண்ணா பிரச்சன" என்றான் அவன். "நூறு ரூவா குடுத்தா நீங்களே மூஞ்சியச் சுளிப்பீங்க."

"பர்ஸு வெச்சா தொலைஞ்சிடும்ணா" என்றாள் யுவராணி.

"காசா வெச்சா வூட்ல அப்பா எடுத்துக்குவாருண்ணா" என்றான் இன்னொருவன்.

"கையில காசிருந்தா செலவாயிடுதுண்ணா."

"ஏன்டா, போன்ல இருந்தா செலவாவாதா?"

"ஆவும். ஆனா ஆவுற மாதிரி தெரியாது."

சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இந்த வயசில் எதற்குத்தான் சிரிப்பு வராது என்று அல்போன்ஸ் விட்டுவிட்டார். அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. சில்லறைதானே? டின்னில் சேர்த்து வைத்திருந்த கொஞ்சநஞ்ச நோட்டையும் எடுத்துக்கொண்டு போய், கமிஷன் கொடுத்து ஒரு மூட்டை சில்லறை வாங்கிவந்தார். 'எந்த நோட்டுக்கும் இங்கே சில்லறை உண்டு' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்.

பஸ் ஸ்டாண்டே திரண்டு வந்தது. தர்மபுரி பஸ் கண்டக்டர் வந்தார், ஓசூர் பஸ் கண்டக்டர் வந்தார், பூக்காரம்மா வந்தார், கட்டணக் கழிப்பிடத்தில் உட்கார்ந்திருப்பவர் வந்தார். ஒருவரும் டீ குடிக்கவில்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார்கள், சில்லறையை அள்ளிக்கொண்டு போனார்கள். பத்து மணிக்குள் மூட்டை காலி. மிஞ்சிய ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை மெனக்கெட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அதில் ஒன்று கள்ள நோட்டு.

அருண்குமார் வந்தான். டீ குடித்தான். போனை நீட்டினான்.

"டேய், சில்லறதான்டா பிரச்சனன்னு சொன்ன?"

"இப்பத்தான் உங்ககிட்டயும் சில்லற இல்லையேண்ணா."

*

"பாவம் நீங்க" என்றாள் ராஜமேரி மத்தியானம். அவள் குரலில் அவ்வளவு பரிவு. "வேற ஏதாச்சும் யோசிச்சீங்களா?"

"யோசிக்காம? நாளைலேர்ந்து காசு குடுத்தா டீ பத்து ரூவா. போன்னா பன்னெண்டு. ரெண்டு ரூவாய எவன் வுடுவான்?"

"ஆமாங்க, யாரு வுடுவாங்க? அருமையான யோசன" என்றாள் ராஜமேரி. போனை எடுத்து எதையோ தட்டினாள். துணிக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்புவாளாக இருக்கும்.

மறுநாள் போர்டு தொங்கியது. முதலில் மார்க்கெட் பெரியவர்கள் வந்தார்கள். எப்போதாவதுதான் வருவார்கள், ஆனால் இத்தனை வருஷமாகக் காசு கொடுத்துத்தான் குடிக்கிறவர்கள். போர்டைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தோஷம் தாளவில்லை. "நீ நல்லா இருக்கோணும் அல்போன்சு" என்று வாழ்த்திவிட்டு ஆளுக்குப் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார்கள். போன வாரம்வரை இதே ஆட்கள் பன்னிரண்டு ரூபாய் வைத்தவர்கள். அல்போன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார்.

அப்புறம் இளசுகள் வந்தார்கள். போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். போனை எடுத்தார்கள்.

"டேய் அருணு, போன்னா பன்னெண்டு ரூவா!"

"தெரியும்ணா."

"ரெண்டு ரூவா உனக்குத்தான்டா நட்டம்!"

"பரவால்லண்ணா."

பஸ்ஸில் ஒரு ரூபாய் மீதி தராததற்காகக் கண்டக்டர் சட்டையைப் பிடித்தவன் அருண்குமார். அவன் வாயிலிருந்து 'பரவால்லண்ணா' என்று வந்ததைக் கேட்டு அல்போன்ஸுக்கு மயக்கமே வந்துவிட்டது. இந்தத் தலைமுறைக்கு மண்டையில் என்னமோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டினார்.

அதைவிடக் கொடுமை, எதிர்க்கடையில் டீ குடிக்கிற பையன்களும் இங்கே வர ஆரம்பித்தார்கள். பாலிடெக்னிக் பையன்கள் வந்தார்கள். செல்போன் கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் வந்தார்கள். ஒருவன் காலையில் மட்டும் மூன்று டீ குடித்தான். எல்லாம் போனில்தான். பால் இரண்டு மடங்கு வாங்க வேண்டியிருந்தது, கால் வீங்கியது, வியாபாரம் கொழித்தது. கல்லாவைத் திறந்து பார்த்த அல்போன்ஸுக்கு அழுகைதான் வந்தது.

"மேரி, என்னால முடியல" என்று மத்தியானம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "இதுங்கள வழிக்கு வரவைக்க ஒரே வழிதான் இருக்கு. நாளைலேர்ந்து எவன் போன்ல குடுத்தாலும், உனக்கு போன் போட்டு, பணம் வந்துச்சான்னு கேட்டுட்டுத்தான் டீயக் கையில குடுக்கப்போறேன். நின்னு நின்னு சலிச்சுப்போயி காச எடுக்கட்டும்."

"எனக்கொண்ணும் செரமமில்லீங்க. எத்தன தடவ வேணும்னாலும் கூப்புடுங்க" என்றாள் ராஜமேரி.

கூப்பிட்டார். டீயைப் பிடித்திருக்கும் கை ஒன்று, பால் சட்டியைப் பார்க்கும் கண் ஒன்று என்றிருக்கும்போது போனைக் காதில் எங்கே வைப்பது? ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார்.

"மேரி, அருண்குமார் பன்னெண்டு ரூவா. வந்துச்சா?"

"வந்துருச்சுங்க. தம்பி அருணு, ஒனக்கும் வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா!"

ஏதோ மெசேஜ் என்று அல்போன்ஸ் நினைத்துக்கொண்டார்.

"உங்கம்மா ஜாக்கெட் ரெடியாயிடுச்சு தம்பி, போறப்ப வாங்கிட்டுப் போயிடு."

"சரிக்கா!"

யாருக்கும் சலிப்புத் தட்டவில்லை. சலிப்புத் தட்டியது அல்போன்ஸுக்கு மட்டும்தான். பிள்ளைகள் வரிசையில் நின்று, "அக்கா, நான் யுவராணி பேசறேன், சாப்ட்டீங்களா?" என்று குசலம் விசாரித்தார்கள். மற்ற கடைகளில் பணம் வந்தால் ஒரு பெட்டி சத்தம் போட்டுச் சொல்லும். இந்தக் கடையில் அக்காவே சொல்கிறார்கள் என்று பெயராகிவிட்டது. கத்திரிப்பூ நிற ஜாக்கெட்டுக்குப் பின்கொக்கியா முன்கொக்கியா என்று ஒரு பேச்சு நடந்து முடிவதற்குள் பால் பொங்கி வழிந்தது. ராஜமேரிக்குத் தையல் ஆர்டர் குவிந்தது. அடுப்பைத் துடைத்தபடியே அல்போன்ஸ் கடையில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தார்.

*

ஒன்றாம் தேதி நெருங்கிவிட்டது. டின்னைக் கவிழ்த்துப் பார்த்தால் கள்ள நோட்டையும் சேர்த்தே பாதிகூடத் தேறவில்லை. மார்க்கெட்டில் தக்காளி விலை தினமும் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் மாது வந்து கூடை விலையைக் காதில் ஓதிவிட்டுப் போனார். ஏறுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ராஜமேரியின் சங்கிலி ஒரு அடி தள்ளிப்போவதுபோல அவருக்கு இருந்தது.

பொறுத்தது போதும் என்று ஒருநாள் கரண்டியால் சுரண்டி அந்த ஸ்கேன் அட்டையையே பிய்த்து எறிந்தார். ராஜமேரியிடம்கூடச் சொல்லவில்லை.

யுவராணிதான் முதலில் வந்தாள். அட்டை இருந்த இடத்தைப் பார்த்தாள். பசை மட்டும் இருந்தது.

"எங்கண்ணா அட்டை?"

"எலி கடிச்சுப்புடுச்சும்மா. இனிமே காசுதான்."

"பரவால்லண்ணா, அக்கா நம்பர்தான் எங்க எல்லார்ட்டயும் இருக்குதே. அதுக்கே அனுப்பிட்டேன்."

பெட்டிமேல் போனை வைத்து நம்பரை எல்லாரும் பார்க்க வைத்தது யார்? ஸ்பீக்கரில் போட்டுப் பேச வைத்தது யார்? யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அல்போன்ஸ் சர்க்கரையைக் கிண்டினார்.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கடையில் அட்டை இல்லை என்ற செய்தி பத்து மணிக்குள் பஸ் ஸ்டாண்ட் முழுக்கப் பரவியது. பதினோரு மணிக்கு அது, அல்போன்ஸ் பெண்டாட்டி கணக்கையும் பேங்க்காரர்கள் முடக்கிவிட்டார்கள் என்று மாறியது. மத்தியானத்துக்குள் பால்காரர் மாதப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"அல்போன்சு, தப்பா நெனச்சுக்காத. பால் பாக்கிய இப்பவே குடுத்துடு."

"என்னா மாதப்பா, மாசக் கடைசியிலதான குடுப்பேன்?"

"அது அட்டை இருந்தப்ப."

"மேரிகிட்டச் சொல்லி இப்பவே போன்ல அனுப்பச் சொல்றேன்."

"வேணாம்பா. முடங்கிப்போன கணக்குலேர்ந்து வந்தா என் கணக்கும் முடங்கிப்போவும்னு சொல்றாங்க. காசா குடு."

அவருக்குப் பின்னாலேயே டீத்தூள்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் பன் போடுகிறவர். இவ்வளவு நாளும் கெஞ்சிக் கெஞ்சி அலுத்த அதே வார்த்தை, காசு, காசு என்று எல்லார் வாயிலும் வந்தது, ஆனால் கொடுக்கிற பக்கத்திலிருந்து அல்ல. மானம் போகிறதே என்று டின்னைத் திறந்தார். மாதப்பன் எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு நோட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

"இது கள்ள நோட்டு."

"தெரியும்" என்றார் அல்போன்ஸ்.

மறுநாள் அட்டையைப் பசை தடவி மறுபடி ஒட்டினார். அதன் ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. ஆனாலும் எல்லாப் போன்களும் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டன.

*

ஒன்றாம் தேதி மாது வந்தார். அல்போன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு டீயை நீட்டினார்.

"இல்லையா?"

"இல்ல."

"அட போப்பா! கண்ணு முன்னால லச்சுமி வந்து நிக்கறா, கதவச் சாத்தறியே. ஊரே உன் கடையிலதான் டீ குடிக்குது, ஒரு முப்பதாயிரம் உன்கிட்ட இல்லன்னா யாரு நம்புவா? சரி வுடு, நானே என் காசப் போட்டு எடுத்துக்கறேன். பின்னால வருத்தப்படாத."

வருத்தப்படாமல் இருக்க முடியுமா? அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ராஜமேரி குனிந்து பரிமாறும்போது மஞ்சள் கயிறு ஆடியது. பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த ஜென்மத்தில் தன்னால் அந்தச் சங்கிலியை மீட்க முடியாது என்று மனசு விட்டுப்போனது. எல்லாம் இந்த இளசுகளால். ஒரு பன்னிரண்டு ரூபாயைக் கையால் எடுத்துக் கொடுக்கத் துப்பில்லாத பிள்ளைகளால்.

அப்புறம் என்ன நடந்தது என்பது பாலக்கோட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆந்திராவில் மழை விட்டது, கர்நாடகாவிலிருந்து லாரி லாரியாகக் காய் இறங்கியது. ஏறின வேகத்தில் விலை இறங்கியது. அந்த வாரக் கடைசியில் கூடையை என்ன விலைக்குக் கேட்டாலும் சரி, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று விவசாயிகள் நின்றார்கள். டிராக்டர்கள் மறுபடியும் ரோட்டோரம் சாய்ந்தன.

மாது கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அல்போன்சு, ஒரு டீ குடு. காசு அப்புறம் தர்றேன்."

அல்போன்ஸ் டீயோடு ஒரு பன்னையும் சேர்த்து வைத்தார். மாதுவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்வானேன், உள்ளுக்குள் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிருந்தது. முப்பதாயிரம்! அட்வான்ஸ் மட்டுமே அவ்வளவு. அதற்குமேல் பறிகூலி, வண்டி வாடகை. இந்தத் தடவை தாலிச் சங்கிலி இல்லை, கடையே போயிருக்கும்.

கடையைக் கொஞ்சநேரம் மாதுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடிப்போய் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார். அப்படியே வீட்டுக்குப் போனார்.

"என்னாங்க, மூஞ்சியில இன்னிக்கு என்னமோ களையா இருக்குது?"

"மேரி, ஒரு பெரிய ஆபத்துலேர்ந்து தப்பிச்சேன்."

"ஐயோ! என்னா ஆபத்துங்க?"

அல்போன்ஸ் விழித்தார். "அது... ஒரு லாரி. ரோட்டுல. மேல ஏறியிருக்க வேண்டியது, நூலிழையில தப்பிச்சேன். மாதாதான் காப்பாத்துனாங்க."

"காப்பாத்தாம?" என்றாள் ராஜமேரி. முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டாள். "தக்காளி லாரியா?"

"அதெல்லாம் நான் பாக்கல."

"சரி, கையக் கழுவுங்க. தக்காளி மலிஞ்சு கெடக்குதாம், இன்னிக்குத் தக்காளிச் சோறு" என்று தட்டை வைத்துவிட்டுப் போனை எடுத்து நிதானமாக என்னமோ எழுதினாள். ஒரு ஜாக்கெட்டுக்காரிக்கு எழுதுகிற மெசேஜைவிட அது நீளமாக இருந்தது. அல்போன்ஸ் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. ரொம்ப நாளைக்கப்புறம் அவருக்குச் சோறு ருசித்தது.

மறுநாள் காலையில் கடையைத் திறந்தார். முதல் ஆளாக அருண்குமார் வந்தான். டீ குடித்தான். சட்டைப் பையில் கையை விட்டான். பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தான்.

அல்போன்ஸ் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "டேய், என்னடா இது?"

"காசுண்ணா" என்று சொல்லிவிட்டு அவன் லோடு ஏற்றப் போய்விட்டான்.

அடுத்து வந்தவனும் நோட்டுதான். அதற்கடுத்தவன் சில்லறையாக எண்ணி வைத்தான். பாலிடெக்னிக் பையன்கள், செல்போன் கடைப் பிள்ளைகள், ஒருத்தர் பாக்கியில்லை. பர்ஸ் தொலைந்துவிடும் என்று சொன்னவள் பர்ஸைத் திறந்தாள், காசை அப்பா எடுத்துக்கொள்வார் என்று சொன்னவன் காசை எடுத்தான். எட்டு மணிக்குள் கல்லா மூட முடியாத அளவுக்கு நிறைந்துவிட்டது. ஒரு மாசமாக ஏங்கித் தவித்த சத்தம் இப்போது கலகலவென்று கேட்டது. ஆனால் அந்தக் காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யுவராணி அவசர அவசரமாக டீயைக் குடித்துவிட்டு ஒரு இருபது ரூபாய் நோட்டை நீட்டினாள்.

"மீதி பத்து குடுங்கண்ணா. காசுன்னா பத்துதான? போர்டு இருக்கே."

அல்போன்ஸ் நோட்டை வாங்கவில்லை. அடுப்பை அணைத்தார். முந்தின ஒரு மாச அலுப்பும் கால் வீக்கமும் சேர்ந்து அவர் குரலில் ஏறிக்கொண்டன.

"அம்மா யுவராணி, உன்னக் கையெடுத்துக் கும்புடறேன், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. ஒரு மாசமா கெஞ்சுனேன், கதறுனேன், வெலயக் கொறச்சேன், அட்டையப் பிச்சேன். அப்பல்லாம் ஒருத்தரும் காசத் தொடல. எனக்குக் காசே தேவப்படாத இன்னிக்கு எல்லாரும் கொண்டாந்து கொட்டுறீங்களே, என்னதாம்மா ஆச்சு உங்களுக்கெல்லாம்?"

பஸ் ஹாரன் அடித்தது. யுவராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னுமா இவருக்குத் தெரியாது என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"நாங்க போன்ல குடுக்கற ஒவ்வொரு டீக்கும் மேரியக்கா மூணு ரூவா திருப்பி அனுப்பிட்டிருந்தாங்கண்ணா, தக்காளி வெல எறங்கற வரைக்குந்தான், உங்ககிட்ட மூச்சு வுடக்கூடாதுன்னு மொதல்லயே சொல்லித்தான் அனுப்புனாங்க, நேத்து மத்தியானத்தோட நிறுத்திட்டாங்க."